எமிலி ஹாப்ஹவுஸ் அம்மையார்

பெரியோர் சரித்திரங்களை எழுதப் புகுவோர் அரசர், மந்திரிகள், சேனாதிபதிகள், புலவர்கள் ஆகியோரையே பெரும்பாலும் எடுத்துக்கொள்வர். அவர்களிடம் அதிகாரமேனும் செல்வமேனும் கல்விப் பட்டமேனும் இருந்தது. இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட அம்மையாரோ உத்தியோகம் வகித்தவரல்லர், படை நடத்தியவரல்லர், பள்ளிக்கூடத்தில் முறையாகப் பயின்றவருமல்லர். அவர் தேசத்தில் பெண்களுக்குப் பார்லிமெண்டு வாக்குரிமையும் அக்காலத்தில் இல்லை. அத்தகைய ஒரு ஸ்திரீ, உலகில் அந்நாளில் மிகப் பெரிதாயிருந்த சாம்ராஜ்யத்தின் அரசாங்கத்தை நோக்கி, நம் பெயரால் நீங்கள் செய்வது என்ன என்று கேட்டார். அக்கேள்வியால் விளைந்ததை நம் குடும்பத்தார் அனைவரும் அறிந்துகொள்ளுதல் நலமென எண்ணி இதனை வரையலானோம்.

எமிலி ஹாப்ஹவுஸ் 1860-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9-ஆம் தேதி இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வால் பிரதேசத்தில் செயின்ட் ஐவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அவ்வூர்க் கிறிஸ்தவ ஆலயத்தின் குருவாயிருந்தவர். அம்மையாரின் சிறிய தந்தையார் ஆர்தர் ஹாப்ஹவுஸ் பிரபு 1872 முதல் 1877 வரை நம் இந்தியாவில் கவர்னர் ஜெனரலின் சபையில் சட்ட அங்கத்தினராயிருந்தவர். அம்மையாரின் தம்பி லியனார்ட் பிற்காலத்தில் சமூக சாஸ்திரத்தில் பெரும் பெயர் பெற்ற அறிஞர். தம்பி சர்வகலாசாலைக்கு அனுப்பப்பட்டார். தமக்கையோ வீட்டிலேயே இருத்தப்பட்டார். 1880-இல் தாயார் இறந்தபின், நோயாளியான தந்தைக்குப் பணிவிடை செய்வதிலேயே அவர்தம் இளமை முழுதும் கழிந்தது. 1895-இல் தந்தையார் காலஞ்சென்றபோது அம்மையாருக்கு வயது ஏறக்குறைய முப்பத்தைந்து. கணவன் இல்லை, குழந்தை இல்லை, தொழில் இல்லை. இவ்வாழ்க்கை இனி முடிந்தது என்றே ஊரார் எண்ணியிருப்பர். உண்மையில் அது அப்பொழுதுதான் தொடங்கிற்று.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாகாணத்தில் கார்ன்வால் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் குடியேறி அல்லலுறுவதைக் கேள்வியுற்று, அம்மையார் ஆங்குச் சென்று குடி ஒழிப்பு முதலிய தொண்டுகளைச் செய்தார். அங்கு ஒருவரை மணக்க இசைந்து, மெக்ஸிகோ தேசத்தில் நிலமும் வாங்கினார். அவ்விவாகமும் நடந்தேறவில்லை, பொருளும் பெரும்பாலும் நஷ்டமாயிற்று. 1898-இல் இங்கிலாந்து திரும்பினார்.

நிற்க. அவர் திரும்பிய மறு ஆண்டு, 1899 அக்டோபரில், தென்னாப்பிரிக்காவில் யுத்தம் மூண்டது. ஆங்கு டிரான்ஸ்வால், ஆரஞ்சு சுதந்திர நாடு என்னும் இரண்டு சிறு குடியரசுகள் இருந்தன. அவற்றை ஆண்டவர் ஒல்லாந்து நாட்டிலிருந்து முன்னாளில் குடியேறிய போயர் எனப்படும் உழவர். 1886-இல் டிரான்ஸ்வாலில் பெரும் பொற்சுரங்கங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அதன்பின் ஆங்கிலேய முதலாளிகளும் தொழிலாளரும் திரளாகச் சென்றனர். அவர்களுக்கு வாக்குரிமை மறுக்கப்படுகின்றதென்பது யுத்தத்திற்குச் சொல்லப்பட்ட காரணம். பொன்னும், ஆதிக்கமும் சொல்லப்படாத காரணங்கள்.

இங்கிலாந்தில் அப்பொழுது பத்திரிகைகளின் நிலை யாது என்பதை வாசகர்கள் ஊன்றி நோக்க வேண்டும். அரை பென்னி விலைக்கு விற்ற டெய்லி மெயில் என்னும் தினசரி அந்த யுத்த காலத்தில் நாளொன்றுக்குப் பத்து லட்சம் பிரதிகள் அளவுக்குப் பெருகிற்று. வெற்றிச் செய்தி விற்கும், சந்தேகம் விற்காது. ஆதலின் யுத்தத்தை ஐயுறுவோர் அனைவரும் போயர் பட்சத்தார், தேசத் துரோகிகள் என்று ஏசப்பட்டனர். எதிர்த்தெழுதிய பத்திரிகைகள் சில. அவற்றுள் மான்செஸ்டர் கார்டியன் முதன்மையானது. யுத்தத்தை ஆதரித்து வந்த டெய்லி நியூஸ் பத்திரிகை, 1901-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உடைமையாளர் மாறியவுடனே கொள்கையும் மாறிற்று. பத்திரிகையின் குரல் எங்கிருந்து பிறக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

யுத்தத்தைச் சமாதானத்தால் முடிக்கவேண்டுமென்று லியனார்ட் கோர்ட்னி என்பவர் தலைமையில் ஒரு சங்கம் ஏற்பட்டது. அதன் பெண்கள் பகுதிக்கு நம் அம்மையார் காரியதரிசியானார். 1900 ஜூன் மாதத்தில் லண்டனில் பெண்களே திரண்ட கண்டனக் கூட்டமொன்றைக் கூட்டினார். அடுத்த மாதம் தம் சொந்தப் பிரதேசத்தில் லிஸ்கர்டு என்னும் ஊரில் கூட்டம் ஏற்பாடு செய்தபோது, யுத்த வெறி கொண்ட ஜனங்கள் மேடையேறிக் கலகம் விளைத்து அதனைக் கலைத்துவிட்டனர். அன்று அங்கே பேச வந்திருந்தவருள் ஒருவர் லாயிட் ஜார்ஜ். பின்னாளில் பிரிட்டனின் பிரதம மந்திரியானவர் அவரே. பிறந்த மண்ணிலேயே தமக்குச் செவி சாய்ப்பாரில்லை என்பதை அம்மையார் அன்று கண்டார்.

இதற்கிடையே வேறொரு செய்தி சிறிது சிறிதாக வந்தது. போயர் வீரர்கள் சிறு கூட்டங்களாகப் பிரிந்து மறைந்து தாக்கலாயினர். அவர்களுக்கு உணவும் தங்குமிடமும் கிடைக்காதபடி செய்ய, ஆங்கிலச் சேனை அவர்தம் பண்ணை வீடுகளைக் கொளுத்தியது, பயிரை அழித்தது, ஆடு மாடுகளைக் கொன்றது. இவ்வாறு அழிக்கப்பட்ட வீடுகள் ஏறக்குறைய முப்பதாயிரம் என்பர். வீடிழந்த பெண்களும் குழந்தைகளும் என்னவாயினர் என்பதை எந்தப் பெரிய பத்திரிகையும் கேட்கவில்லை. அம்மையார் கேட்டார். அவர்கள் பொருட்டு ஒரு நிவாரண நிதி சேர்த்து, அதனைத் தாமே கொண்டு செலுத்துவதென்று துணிந்து, 1900 டிசம்பர் மாதம் 7-ஆம் தேதி கப்பலேறினார்.

இங்கிலாந்தை விட்டபோது போர்ட் எலிசபெத் என்னும் ஊரில் ஒரே ஒரு முகாம் உண்டென்பதே அவர் அறிந்தது. கேப்டவுனில் இறங்கிய பின்னரே முகாம்கள் பல என்று தெரிந்தது. ஹை கமிஷனர் மில்னரை நேரிற் கண்டு அனுமதி வேண்டினார். மில்னர் இசைந்தும், சேனாதிபதி கிச்சனர் புளூம்பான்டீன் நகருக்கு அப்பால் செல்லலாகாதென வரம்பிட்டார். அம்மையார் நிவாரணப் பொருள்களை ரயில் வண்டியிலேற்றி 1901 ஜனவரி 24-ஆம் தேதி அந்நகரை அடைந்தார்.

அங்கே அவர் கண்டது யாது? மரமோ நிழலோ இல்லாத வெட்டவெளிச் சரிவில் கூடாரங்கள். அவற்றில் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். வெயிலில் கூடாரத்துள் இருக்கவொண்ணாத வெப்பம். மழையில் தரையெல்லாம் நீர். கட்டில் இல்லை, மெத்தை இல்லை. தண்ணீர் போதவில்லை, கிடைத்த ஆற்றுநீரும் விஷக்காய்ச்சலைப் பரப்பிற்று, அதனைக் காய்ச்சிக் குடிக்க விறகு இல்லை. சோப்பு கொடுக்கப்படவேயில்லை, கேட்டபோது அது ஆடம்பரப் பொருளென்று அதிகாரிகள் எண்ணினர். ஒருநாள் அம்மையார் ஒரு கூடாரத்தில் அமர்ந்திருக்கையில் விரியன் வகையைச் சேர்ந்த பாம்பொன்று நுழைந்தது. மற்றவர் வெளியே ஓட, அம்மையார் தம் கைக்குடையாலேயே அதனை அடித்தார்.

அவர் அழுது புலம்பிக் காலம் போக்கவில்லை; கணக்கெடுத்தார். ஒவ்வொரு கூடாரமாகச் சென்று, எத்தனை பேர், என்ன நோய், எத்தனை குழந்தைகள் இறந்தன, வீடு எரிக்கப்பட்டது எவ்வாறு என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டார். சோப்பு, வைக்கோல், விறகு, தண்ணீர் காய்ச்சும் அண்டா, கூடுதற் கூடாரம் என்று ஒவ்வொன்றாக அதிகாரிகளிடம் கேட்டார். சில கிடைத்தன, பல கிடைக்கவில்லை. நார்வல்ஸ்பான்ட், ஸ்பிரிங்பான்டீன், அலிவால் நார்த், கிம்பர்லி முதலிய இடங்களின் முகாம்களையும் கண்டார். ஏப்ரலில் புளூம்பான்டீனுக்கு மீண்டபோது ஜனத்தொகை இருமடங்காகியிருந்தது. சேனை கொண்டுவந்து சேர்ப்போரின் வெள்ளத்தை ஒரு பெண்ணின் கை தடுக்க முடியாதென்று தெளிந்து, இங்கிலாந்து மக்களிடமே முறையிடத் திரும்பினார்.

இங்கே ஒன்று கூறாது விடுதல் நியாயமன்று. ஆப்பிரிக்கக் கறுப்பு மக்களுக்கும் தனி முகாம்கள் இருந்தன. புளூம்பான்டீன் அருகே அத்தகைய முகாம் உண்டென்றும் அங்கும் நோய் மலிந்துள்ளதென்றும் அம்மையார் எழுதினார். பிறரை அதனைக் கவனிக்குமாறும் தூண்டினார். ஆயின் தாம் அவற்றுட் சென்று கணக்கெடுக்கவில்லை. அதனால் அம்மக்கள் பட்ட துயரம் நெடுங்காலம் எழுதப்படாமலே கிடந்தது. கண்ணெதிரே உள்ள ஒரு துன்பத்தைக் காண்பவருக்கு அதன் பக்கத்திலுள்ள மற்றொன்று முழுதும் தெரியாது போதலும் உண்டு.

1901 மே மாதத்தில் இங்கிலாந்து சேர்ந்த அம்மையார் செய்த முதற் காரியம் பத்திரிகையிடம் ஓடுதலன்று. யுத்த மந்திரி பிராட்ரிக்கை நேரிற் கண்டு, குறைகளையும் பரிகாரங்களையும் எடுத்துரைத்தார். மந்திரி மரியாதையாகக் கேட்டார். வாக்குறுதி ஒன்றும் தரவில்லை. அதன் பின்னரே ஜூன் மாதத்தில் தம் அறிக்கையை வெளியிட்டார். அது சிறியதொரு நூல். அதில் வசை இல்லை. கண்டதும், கேட்டதும், வேண்டுவதும் இருந்தன. அதனைக் கேட்டறிந்த எதிர்க்கட்சித் தலைவர் காம்ப்பெல் பானர்மன், இவ்வாறு யுத்தம் நடத்துதல் காட்டுமிராண்டித்தனம் என்று பகிரங்கமாகக் கண்டித்தார். பார்லிமெண்டில் லாயிட் ஜார்ஜ் இப்பொருளை எடுத்து வாதித்தார்.

பெரும் பத்திரிகைகள் என் செய்தன? அறிக்கையிலுள்ள எண்களை மறுக்க முயலாமல், எழுதியவரை இகழ்ந்தன. கிளர்ச்சிக்காரி என்றும், உணர்ச்சிவசப்பட்டவள் என்றும், பகைவருக்குத் துணை போனவள் என்றும் எழுதின. ஊர் ஊராகப் பேசச் சென்றபோது பல மண்டபங்களின் கதவு அடைக்கப்பட்டது. லிஸ்ஸி வான் ஸைல் என்னும் சிறுமியின் செய்தியும் இதற்கோர் உதாரணமாகும். முகாமில் எலும்புந்தோலுமாய் மெலிந்து 1901-இல் இறந்த அக்குழந்தையின் புகைப்படத்தைக் காட்டி, தாயின் கவனக்குறைவால் குழந்தை அக்கதியடைந்ததென்று யுத்த பட்சத்தார் பரப்பினர். அக்குழந்தையை முகாமில் நேரிற் கண்டிருந்த அம்மையார், அதனை ஆராய்ந்து அப்பழி ஆதாரமற்றதென எடுத்துக்காட்டினார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மீதே குற்றம் சாற்றுவது எளிது. அரசாங்கத்தின் மீது சாற்றுவது அரிது.

ஆயினும் எண்கள் ஓயவில்லை. கேள்விகள் எழுந்தபின், முகாம்களின் மரணக் கணக்கை அரசாங்கமே மாதந்தோறும் வெளியிட நேர்ந்தது. 1901 அக்டோபரில் அம்மரண விகிதம் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 344 என்னும் அளவை எட்டிற்று. அரசாங்கம் மில்லிசென்ட் பாசெட் அம்மையார் தலைமையில் பெண்கள் அடங்கிய விசாரணைக் குழுவொன்றை அனுப்பிற்று. முகாம்களை முதலிற் கண்டு சொன்னவர்க்கு அக்குழுவில் இடமில்லை. பாசெட் அம்மையாரோ யுத்தத்தை ஆதரித்தவர். அவ்வாறிருந்தும் அவர் குழு நேரிற் கண்டபின், குறைகள் உண்மையே என ஒப்பி, பலத்த சீர்திருத்தங்களைச் சிபாரிசு செய்தது. முகாம்கள் சேனையிடமிருந்து சிவில் அதிகாரிகளுக்கு மாற்றப்பட்டன. 1902-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலேயே மரணம் வெகுவாகக் குறைந்தது. குறைக்க முடிந்தது என்பதே முன்னர் நிகழ்ந்தவை தவிர்க்கக் கூடியவை என்பதற்குச் சாட்சி. 1902 மே 31-ஆம் தேதி சமாதானம் ஆவதற்குள், போயர் முகாம்களில் மாண்டவர் ஏறக்குறைய 28,000 பேர். அவருள் 22,000-க்கு மேற்பட்டோர் பதினாறு வயதுக்குட்பட்டவர். கறுப்பு மக்களின் முகாம்களில் ஏட்டில் ஏறிய மரணங்களே 14,000-க்கு மேல்; உண்மைத் தொகை 20,000-த்தையும் கடந்திருக்குமென்பது பிற்கால ஆராய்ச்சியாளர் முடிவு.

இனி அம்மையாரின் இரண்டாம் பிரயாணத்தைக் கூறுவோம். 1901 அக்டோபரில் மீண்டும் கேப்டவுன் துறையை அடைந்தார். இராணுவச் சட்டத்தைக் காட்டி, கரையில் இறங்கலாகாதெனத் தடுத்தனர். தேகம் நலிந்திருந்தும் அவர் தாமாக வேறு கப்பலேற மறுத்தார். ஆகவே சிப்பாய்களைக் கொண்டு அவரைத் தூக்கிச் சென்று வேறொரு கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினர். குற்றம் சாட்டப்படவில்லை, விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. சாம்ராஜ்யத்தின் சொந்தப் பிரஜை ஒருத்தி சாம்ராஜ்யத்தின் துறைமுகத்தில் இவ்வாறு நடத்தப்பட்டார். அவர் சோர்ந்தாரில்லை. திரட்டிய சாட்சியங்களையெல்லாம் தொகுத்து 1902-இல் பெரிய நூலாக வெளியிட்டார்.

யுத்தம் முடிந்ததும் அவர் பணி முடியவில்லை. 1903-இல் மீண்டும் தென்னாப்பிரிக்கா சென்று, எரிந்த பண்ணைகளில் உழவு தொடங்க ஏரும் மாடும் கிடைக்க வழி செய்தார். 1905-இல் பிலிப்போலிஸ் என்னும் ஊரில் பெண்களுக்கு நூற்பும் நெசவும் கற்பிக்கும் பள்ளி நிறுவினார். பின் வேறு ஊர்களிலும் அத்தகைய பள்ளிகள் எழுந்தன. இராட்டையைத் தாமே கற்று, பிறகே கற்பித்தார்.

1913 டிசம்பர் 16-ஆம் தேதி முகாம்களில் இறந்த பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் புளூம்பான்டீனில் நினைவுத் தூண் திறக்கப்பட்டது. திறக்க அழைக்கப்பட்டவர் நம் அம்மையாரே. இருதய நோயால் பாதி வழியில் திரும்ப நேர்ந்தமையால் அவர் உரையைப் பிறர் வாசித்தனர். பகைவரை மன்னிக்குமாறு அதில் வேண்டியதோடு, தங்களுக்குச் சம்பந்தமில்லாத சண்டையில் மாண்ட கறுப்பு மக்களையும் நினைக்குமாறும், சுதந்திரம் நிறமும் பாலும் பாராமல் எல்லார்க்கும் உரியதென்றும் நினைவூட்டினார். துயருற்றவர் கூட்டத்தின் நடுவே, உங்கள் துயரைக் காட்டிப் பிறரை ஒடுக்காதீர் என்று சொல்லத் துணிவு வேண்டும்.

அதே சமயத்தில் அந்நாட்டில் நம் தமிழ் மக்கள் பெரிதும் கலந்த போராட்டமொன்று நடந்துகொண்டிருந்தது. ஒப்பந்தக் கூலிகளாகச் சென்று ஒப்பந்தம் முடிந்தவர் மீது நேட்டாலில் ஆண்டுதோறும் மூன்று பவுன் வரி விதிக்கப்பட்டிருந்தது. அதனை எதிர்த்துக் காந்தியடிகள் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்து சிறை புகுந்தனர். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் கண்ட நோயால் 1914 பிப்ரவரி 22-ஆம் தேதி உயிர் நீத்ததை நம் வீடுகளில் அறியாதாரில்லை. நோயுற்றுக் கிடந்த ஹாப்ஹவுஸ் அம்மையார், அறிமுகமில்லாத காந்தியடிகளுக்குத் தந்தி கொடுத்து, மேற்கொள்ளவிருந்த யாத்திரையைச் சிறிது ஒத்திவைக்க வேண்டினார். தம் நண்பரான ஜெனரல் ஸ்மட்ஸுக்குக் கடிதமெழுதிச் சமரசத்தை வற்புறுத்தினார். 1914-இல் உடன்பாடு ஏற்பட்டு மூன்று பவுன் வரி ஒழிந்தது. அதற்கு முதற்காரணம் சிறை சென்றோரின் தியாகமே. ஆயினும் இவ்வம்மையார் செய்த துணை மறக்கற்பாலதன்று. 1926-இல் அவர் மறைந்தபோது காந்தியடிகள் தமது யங் இந்தியா பத்திரிகையில் அவரைப் போற்றி எழுதினார்.

1914-இல் ஐரோப்பிய மகாயுத்தம் வந்தது. அம்மையார் மீண்டும் பெரும்பான்மைக்கு எதிரே நின்றார். பிரிட்டிஷ் பெண்கள் 101 பேர் கையொப்பமிட்டு, ஜெர்மன், ஆஸ்திரியப் பெண்களுக்குச் சமாதானம் கோரி விடுத்த பகிரங்கக் கடிதம் அவர் முயற்சியால் எழுந்தது. அது 1915 ஜனவரியில் அச்சாயிற்று. 1916 ஜூனில் ஜெர்மானியர் கைப்பற்றியிருந்த பெல்ஜியத்திற்கும், பின் பெர்லினுக்கும் சென்று, அந்நாட்டு வெளிநாட்டு மந்திரியைக் கண்டு சமாதானத்திற்கு வழியுண்டா என வினவினார். ஊர் திரும்பியபோது அரசாங்கம் அவர் சொல்லைக் கேட்கவில்லை. பத்திரிகைகள் பழைய வசையைப் புதுப்பித்தன. நான்கு கோடிக்கு மேற்பட்ட குடிகளின் பெயரால் நடக்கும் யுத்தத்தை நிறுத்தத் தனி ஒருத்தி முயல்வது பேதைமையென்று சிலர் கூறுவர். அவர் முயற்சி பலிக்கவில்லை என்பது மெய். யுத்தம் மேலும் இரண்டு ஆண்டுக்கு மேல் நடந்து, இன்னும் பல லட்சம் உயிரைக் கொண்டது என்பதும் மெய்.

யுத்தத்திற்குப் பின் பட்டினி கிடந்த ஜெர்மன் குழந்தைகளுக்கு லைப்சிக் நகரில் உணவளிக்கும் பணியை ஏற்று நடத்தினார். இதற்குத் தென்னாப்பிரிக்கர் பொருளுதவினர். ஒருகாலத்தில் தாம் உணவளித்தவர்களே இப்பொழுது பிறர்க்கு உணவளிக்க முன்வந்ததைக் கண்டு மகிழ்ந்தார். கையிலிருந்ததையெல்லாம் செலவிட்டு வறுமையுற்ற அவருக்கு, 1921-இல் அந்நாட்டார் சிறுசிறு தொகையாகச் சேர்த்த 2,300 பவுனை அனுப்பி, கார்ன்வாலில் கடற்கரையில் ஒரு வீடு வாங்கிக்கொள்ளச் செய்தனர். 1926 ஜூன் 8-ஆம் தேதி லண்டனில் உயிர் நீத்தார். அவர் அஸ்தி அவ்வாண்டு அக்டோபர் 26-ஆம் தேதி புளூம்பான்டீன் நினைவுத் தூணின் அடியில் வைக்கப்பட்டது. சொந்த நாடு துரோகி என்று சொன்னவரைப் பகைவர் நாடு தாயென்று கொண்டது.

ஆயினும் இச்சரித்திரத்தை இனிமையாக மட்டும் முடிப்பதற்கில்லை. அம்மையாரைத் தாயென்ற அச்சமூகத்தாரே 1948 முதல் நிறபேத ஆட்சியை நடத்தினர். 1913-இல் அவர் செய்த எச்சரிக்கையைக் கேட்டிலர். ஒரு நீர்மூழ்கிப் போர்க்கப்பலுக்கு அவர் பெயரைச் சூட்டினர். யுத்தத்தை வெறுத்தவர் பெயரை யுத்தக் கருவிக்கு வைப்பதினும் பெரிய மறதி யாதுளது? நிறபேத ஆட்சி 1994-இல் ஒழிந்த பின்னர் அக்கப்பலின் பெயர் மாற்றப்பட்டது. கறுப்பு மக்களின் முகாம்களில் இறந்தோருக்கும் இப்பொழுது நினைவுச் சின்னங்கள் எழுந்துள்ளன.

சங்கத்து அன்பர்களே! அம்மையாரிடம் நாம் கற்கவேண்டுவன மூன்று என்று கருதுகின்றோம். முதலாவது, கேட்டதை நம்பாமல், இயன்றவரை நேரிற் சென்று காணுதல். இரண்டாவது, கண்டதைக் கணக்கோடும் நிதானத்தோடும் எழுதி, அதிகாரத்திலுள்ளோரிடமே முதலிற் கொடுத்தல். மூன்றாவது, நம்மவர் செய்யும் தவறே நாம் முதலில் கேட்கவேண்டிய தவறு என்பதை உணர்தல். பகைவரின் கொடுமையைப் பேச ஆயிரம் நா உண்டு. நம் பட்சத்தார் கொடுமையைப் பேச ஒரு நாவேனும் வேண்டும். இது அரசாங்கத்துக்கு மட்டுமன்று, சமூகங்களுக்கும், நம் போன்ற சங்கங்களுக்கும் பொருந்தும்.

இக்காலத்தில் செய்தி அரை பென்னிப் பத்திரிகையில் வருவதில்லை. கைப்பேசியில் நொடிக்கொருமுறை வந்து குவிகின்றது. யுத்தச் செய்தியும் அவ்வாறே வருகின்றது. யார் வென்றார் என்று கேட்பதற்கு முன், அங்கே குழந்தைகளுக்குக் குடிநீர் உண்டா, சோப்பு உண்டா என்று கேட்கும் வழக்கத்தை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் உண்டாக்குவோமாக. அத்தகைய கேள்விக்குப் பதவி வேண்டுவதில்லை, பட்டம் வேண்டுவதில்லை. ஏறக்குறைய முப்பத்தைந்து வயதுவரை வீட்டில் நோயாளிக்குப் பணிவிடை செய்திருந்த ஒரு பெண்மணி அக்கேள்வியைக் கேட்டார். அதனால் பல்லாயிரம் உயிர்கள் பிழைத்தன.